வீணை வாசிக்கத் தெரியும், பழகத் தெரியாது

கேள்வி: எனக்கு வயது 36. சிறு வயதிலிருந்து வீணை கற்றேன். மார்கழி சீசனில் ஒன்றிரண்டு சபாக்களில் மதியக் கச்சேரி கிடைக்கிறது. அரங்கில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள்தான். ஒரே குருவிடம் என்னோடு கற்ற தோழி யாரிடமும் கலகலப்பாகப் பேசுவாள், ரீல்ஸ் போடுவாள். அவளுக்குச் சாயங்கால ஸ்லாட் வந்துவிட்டது, விருதும் வந்தது. அவள் வாசிப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்னைவிட அவள் மேல் என்று எங்கள் குருவும் சொன்னதில்லை. "உன் சுபாவத்துக்கு இதெல்லாம் சரிப்படாது" என்கிறார் கணவர். அலுவலகத்தில் வைத்த ஆளுமைத் தேர்விலும் நான் அகமுகம், அதாவது கலகலப்பில்லாமல் ஒதுங்கியிருக்கும் ரகம் என்றே வந்தது. எனக்கு வீணை வாசிக்கத் தெரியும், பழகத் தெரியாது. மிருதங்கக்காரர் போன கச்சேரியை யூடியூபில் போடலாம் என்றார். ஓரிடத்தில் தந்தியின் இழுப்பு சரியாக நிற்கவில்லை என்பதால் வேண்டாம் என்றேன். சில வருடங்களாக அதே உருப்படிகளைத்தான் வாசிக்கிறேன், புதிதாக எதையும் மேடையில் தொடப் பயம். மேடை ஏறும்முன் கை சில்லிட்டுப் போகும். இதற்கு மாத்திரை இருக்கிறது என்கிறாள் ஒரு சிநேகிதி. சுபாவத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா, அல்லது கச்சேரியை விட்டுவிடலாமா? ஒன்பது வயது மகளும் என்னை மாதிரியே. அவளை ஆளுமை வளர்ச்சி வகுப்பில் சேர்க்கலாமா?

— ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

சுபாவத்தை மாற்றிக்கொள்ளவும் வேண்டாம், கச்சேரியை விடவும் வேண்டாம். ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய இரண்டு வரிகள் என்னைக் கவலைப்படுத்துகின்றன. உங்கள் கூச்சத்துக்கும் அவற்றுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கணவர் சொன்னதை எடுத்துக்கொள்வோம்.

அவர் இரண்டு வேலைகளை ஒன்றாகக் கட்டிப் பேசுகிறார். ஒரு ராகத்தை உட்கார்ந்து வாசிப்பது ஒரு வேலை. அந்த வாசிப்பு ஊருக்குத் தெரியும்படி செய்வது வேறொரு வேலை. முதல் வேலை கேட்கும் குணங்களும் இரண்டாவது கேட்கும் குணங்களும் ஒன்றல்ல. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான், தெரியவராத கலைஞர் பலர் தங்களிடம் கலையே குறைவு என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது.

உளவியலில் இன்று ஆளுமையை ஐந்து கூறுகளாக அளக்கிறார்கள்: புதியதை நாடும் மனம், ஒழுங்கும் பொறுப்பும், கலகலப்பு, விட்டுக்கொடுக்கும் இணக்கம், எளிதில் கலங்கும் தன்மை. எல்லாரிடமும் ஐந்தும் கூடக் குறைய இருக்கும். படைப்பாளிகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 1998-ல் கிரெகரி ஃபைஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார். கலைஞர்களிடமும் சரி, படைப்பாற்றல் மிக்க விஞ்ஞானிகளிடமும் சரி, தூக்கலாகத் தெரிந்தது புதியதை நாடும் மனம். கலகலப்பை அவர் இரண்டாகப் பிரித்தார்: ஆட்களோடு சேர்ந்திருக்கும் ஆசை ஒன்று, தன்மேல் உள்ள உறுதி இன்னொன்று. சாதித்த விஞ்ஞானிகளிடம் முன்னால் நின்றது அந்த உறுதிதான். ஆட்களோடு சேர்ந்திருக்கும் ஆசைக்கு அங்கே பெரிய பங்கு இல்லை.

அதற்கும் முன்பே, 1950-களின் கடைசியில், டொனால்ட் மெக்கின்னன் என்பவர் அமெரிக்காவின் மிகச் சிறந்த கட்டடக் கலைஞர்கள் என்று அத்துறையினரே தேர்ந்தெடுத்த 40 பேரை பெர்க்லிக்கு வரவழைத்து நாள்கணக்கில் சோதித்தார். ஈரோ சாரினென், ஐ. எம். பேய் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். அதே தொழிலில் இருக்கும் மற்ற கட்டடக் கலைஞர்களோடு அவர்களை ஒப்பிட்டார். தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது சாதாரணக் கட்டடக் கலைஞர்கள் பொறுப்பானவன், நம்பத்தக்கவன், நேர்மையானவன் என்ற சொற்களைத் தேர்ந்தார்கள். சிறந்தவர்களோ புதிதாக யோசிப்பவன், தன்னிச்சையானவன், பிடிவாதமாகத் தொடர்பவன் என்றார்கள். உங்கள் அலுவலகத் தேர்வுக்கு வருகிறேன். மெக்கின்னன் அந்தக் காலத்தில் பயன்படுத்திய தேர்வுகளில் அகமுகம், புறமுகம் என்று பிரிக்கும் வகையும் ஒன்று. அவர் சோதித்த படைப்பாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அகமுகம் என்றே வந்தார்கள். அகமுகமானவர்கள்தான் அதிகம் படைப்பார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். ஆனால் அகமுகம் என்பது கலைக்குத் தடை என்று எவர் சொன்னாலும் அதற்கு ஆதாரமில்லை என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். சுபாவத்தை இரண்டு பெட்டிகளில் அடைக்கும் அந்த வகைத் தேர்வுகள்மேல் எனக்குப் பெரிய மரியாதையும் இல்லை. பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருக்கிறார்கள்.

இனி இரண்டாவது வேலை. பெயர் கிடைப்பது.

இங்கே நீங்கள் நினைப்பதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஜாக் கொன்சாலோவும் கூட்டாளிகளும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தற்பெருமை மிகுந்தவர்கள் ஒரு திரைப்படக் கதைக்கான யோசனையை நேரில் விவரித்தபோது கேட்டவர்கள் அதைச் சிறந்த யோசனை என்று மதிப்பிட்டார்கள். அதே யோசனைகளை எழுத்தில் மட்டும் படித்தவர்களுக்கு எந்த மேன்மையும் தெரியவில்லை. யோசனையில் இல்லாத ஒளி அதைச் சொன்ன முகத்தில் இருந்தது. 1910-க்கும் 1925-க்கும் இடையில் அரூப ஓவியத்தைத் தொடங்கிவைத்த 90 ஓவியர்களை ஆராய்ந்த மிதாலி பானர்ஜி, பால் இங்கிராம் இருவரும் இதைவிட உறைக்கும் ஒன்றைக் கண்டார்கள். பல நாடுகளில், பல துறைகளில் நண்பர்கள் இருந்தவர்கள் அதிகப் புகழ் பெற்றிருந்தார்கள். அவர்களுடைய ஓவியங்கள் எவ்வளவு புதுமையானவை என்பதற்கும் புகழுக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பு தெரியவில்லை.

உங்கள் தோழியின் விருதைப் பற்றி யோசிக்கும்போது இன்னொரு சோதனையையும் சேர்த்து யோசியுங்கள். 2006-ல் சல்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் இணையத்தில் 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு, யாரும் கேள்விப்படாத குழுக்களின் 48 பாடல்களைக் கேட்கக் கொடுத்தார்கள். கேட்க வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மற்றவர்கள் எதைப் பதிவிறக்கினார்கள் என்று தெரியாது. மீதிப் பேரைத் தனித்தனியாக எட்டு உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டுக்கு எத்தனை பதிவிறக்கம் என்று காட்டினார்கள். எட்டு உலகத்திலும் எட்டு விதமான வெற்றிப் பட்டியல் வந்தது. மிக நல்ல பாட்டு அநேகமாகக் கடைசிக்குப் போகவில்லை, மிக மோசமானது முதலிடத்துக்கு வரவில்லை. இடையில் இருந்தவை எங்கே வேண்டுமானாலும் போய் உட்கார்ந்தன. முதலில் வந்த சிலர் கேட்டதைப் பார்த்து அடுத்தவர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான் காரணம். நீங்களும் தோழியும் ஒரே குருவின் பாடாந்தரத்தில், அதாவது அவர் சொல்லிக்கொடுத்த வழியில், ஏறத்தாழ ஒரே தரத்தில் இருப்பவர்கள் என்றால், இருவரில் யாருக்குச் சாயங்கால ஸ்லாட் என்பதில் இந்த இடைப்பகுதியின் தற்செயல் நிறைய இருக்கும். அவளுடைய கலகலப்பு அதைக் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்திருக்கலாம். இதில் அவள் செய்த தவறு எதுவும் இல்லை, உங்கள் வாசிப்பைப் பற்றிய தீர்ப்பும் இல்லை.

இந்த இடத்தில் ஆய்வுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. படைப்புச் சாதனையை அளக்க உளவியலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் வினாத்தாள் ஒன்று 2005-ல் வந்தது. பத்துத் துறைகளில் நீங்கள் என்ன சாதித்தீர்கள் என்று கேட்கும். மேல் படிகளுக்குப் போகப் போக, பத்திரிகையில் விமர்சனம் வந்ததா, பரிசு வந்ததா என்பதற்குத்தான் மதிப்பெண். அதாவது உங்களை வாட்டும் அதே குழப்பம் அளவுகோலுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமைச் சாயங்காலங்களில் ஜார்ஜ் டவுன் வீட்டில் ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் வாசித்த வீணை தனம்மாள் அந்த வினாத்தாளை நிரப்பினால் என்ன மதிப்பெண் வந்திருக்கும் என்று எனக்கு நினைக்கத் தோன்றுகிறது.

தனம்மாள் 1867-ல் பிறந்து 1938-ல் மறைந்தவர். பெரிய வித்வான்கள் அவர் வீட்டுக் கூடத்துக்கு வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அவருடைய பேத்தி பிருந்தாவைச் சங்கீதக்காரர்களுக்கான சங்கீதக்காரர் என்று சொல்வார்கள். அரங்கு நிரம்பி வழியும் கச்சேரிகள் அவருடையவை அல்ல. ஆனால் பதம் என்ற நிதானமான பாடல் வகையைக் கற்க வேண்டும் என்றால் அரங்கை நிரப்பியவர்களே அவரிடம்தான் போனார்கள். அவருக்கு 1976-ல் மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. பாடகர் எம். டி. ராமநாதனுக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை. 1984-ல் அவர் மறைந்தார். அவருடைய மெதுவான விளம்ப காலப் பாட்டை இன்று எத்தனை இளைஞர்கள் தேடிப்பிடித்துக் கேட்கிறார்கள்!

ஆனால் கூச்ச சுபாவமே மேதைமைக்கு அடையாளம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். டி. என். ராஜரத்தினம் பிள்ளை இருக்கிறாரே! குடுமியை வெட்டி கிராப் வைத்தார், நாகஸ்வரக்காரன் நின்றுதான் வாசிக்க வேண்டும் என்ற வழக்கத்தை மறுத்து மேடையில் உட்கார்ந்து வாசித்தார், சுருதிக்கு ஊதும் ஒத்து என்ற குழலுக்குப் பதில் தம்பூராவைக் கொண்டுவந்தார். அவருடைய துணிச்சல் தோடி ராகத்துக்குள்ளும் இருந்தது, தெருவிலும் இருந்தது. ஒரே குணம் இரண்டு வேலைக்கும் உதவிய அரிய உதாரணம் அவர். அதே நிமிர்வை அந்தக் காலத்தில் ஒரு பெண் காட்டியிருந்தால் ஊர் ரசித்திருக்குமா என்பது வேறு கேள்வி. இன்றும் ஆணிடம் கம்பீரம் என்று மெச்சுவதைப் பெண்ணிடம் கர்வம் என்கிறார்கள். உங்கள் தயக்கத்தில் இந்தப் பயத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம், அது உங்கள் கற்பனை இல்லை.

எனக்கு உங்கள் விஷயத்தில் அதிகம் உதவுவது எம். எஸ். சுப்புலட்சுமியின் உதாரணம். மேடைக்கு வெளியே அதிகம் பேசாதவர், தன்னை முன்னால் நிறுத்திக்கொள்ளாதவர். 1940-ல் அவரை மணந்த சதாசிவம் பத்திரிகை உலகம், அரசியல் உலகம் இரண்டிலும் ஆட்களைத் தெரிந்தவர். எங்கே பாடுவது, என்ன பாடுவது, யாரைச் சந்திப்பது எல்லாம் அவர் ஏற்பாடு. 1966-ல் ஐ.நா. சபை, 1968-ல் சங்கீத கலாநிதி, 1998-ல் பாரத ரத்னா என்ற பாதையில் குரல் அவருடையது, பழகும் வேலை இன்னொருவருடையது. அதற்கு எம். எஸ். கொடுத்த விலையும் உண்டு. தன் கலை பற்றிய முடிவுகளில் பலவற்றை அவர் விட்டுக்கொடுத்தார், அது எனக்கு உவப்பானதல்ல. ஆனால் இரண்டாவது வேலையை அதே ஆள்தான் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

இப்போது அந்த இரண்டு வரிகள். பதிவை வெளியிட மறுத்தீர்கள். சில வருடங்களாகப் புதிதாக எதையும் தொடவில்லை.

அகமுகமானவர் தனியாக இருக்கும்போது நிம்மதியாக இருப்பார். கூட்டம் அவருக்குக் களைப்பு, அவ்வளவுதான். பிறர் என்ன சொல்வார்களோ என்ற பயம் வேறு ரகம். அது தனியாக இருக்கும்போதும் கூடவே இருக்கும், சாதகம் செய்யும் அறைக்குள்ளும் வந்து உட்காரும். உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பது இரண்டாவதை. கலைஞருக்கு மிக அவசியம் என்று மேலே சொன்னேனே, புதியதை நாடும் மனம், அதைத்தான் இந்தப் பயம் அரித்துக்கொண்டிருக்கிறது. ரீல்ஸ் போடாததால் உங்கள் வீணைக்கு நஷ்டமில்லை. வருஷக்கணக்கில் ஒரு புது ராகத்தைத் தொடாமல் இருந்தால் நஷ்டம் உண்டு.

டீன் கீத் சைமன்டன் என்ற ஆய்வாளர் பெரிய படைப்பாளிகளின் வாழ்நாள் படைப்புகளை எண்ணிப் பார்த்தே பல காலம் செலவிட்டவர். மிகச் சிறந்தவை அதிகம் படைத்தவர்களிடமிருந்து வருகின்றன என்றும், சுமாரானவையும் அவர்களிடமே அதிகம் என்றும் அவர் காட்டினார். எது நிற்கும் என்று படைத்தவருக்கே முன்கூட்டித் தெரிவதில்லை. ஓர் இழுப்பு சற்றுத் தவறியதற்காக ஒன்றரை மணி நேரக் கச்சேரியைப் பெட்டியில் பூட்டியிருக்கிறீர்கள். அந்தப் பதிவில் ராகத்தைத் தாளமில்லாமல் விரிக்கும் ஒரு நல்ல தானம் இருந்தால் அதுவும் பூட்டிக் கிடக்கிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். நீங்கள் வாசிக்க ஆசைப்பட்டு ஒத்திப்போட்ட ஒரு ராகத்தை எடுங்கள். யாருடைய வீட்டுக் கூடத்திலாவது பத்துப் பதினைந்து பேர் முன்னால், ரசிகர்களும் இரண்டொரு சக வித்வான்களும் இருக்கும்படி, அதை வாசியுங்கள். உறவினர் மட்டுமே இருக்கும் கூட்டமாக வேண்டாம், அவர்கள் எதற்கும் பாராட்டுவார்கள். அதைப் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேட்காதீர்கள், ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். உங்கள் குருவோ நம்பிக்கையான ஒருவரோ கேட்டு "போடலாம்" என்றால் போடுங்கள், முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள். இதையே சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். பயம் குறைந்த பிறகு வாசிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். வாசிக்க வாசிக்கத்தான் பயம் குறையும்.

சுபாவம் மாறுமா என்று கேட்டீர்கள். குணங்களில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி பிறப்போடு வருவது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. மீதி அசையும், மெதுவாக. நேதன் ஹட்சன் என்பவரும் கூட்டாளியும் 2015-ல் 16 வார ஆய்வுகள் இரண்டை வெளியிட்டார்கள். மாற விரும்பியவர்களிடம் சிறிய மாற்றம் தெரிந்தது. குறிப்பான சின்னச் செயல்களாகத் திட்டமிடுவது உதவியது, பொத்தாம்பொதுவாகத் தீர்மானம் எடுப்பது உதவவில்லை. பிரையன் லிட்டில் என்ற உளவியலாளர் இன்னொன்று சொல்கிறார்: தனக்கு முக்கியமான காரியத்துக்காக ஒருவர் கொஞ்ச நேரம் தன் சுபாவத்துக்கு மாறாக நடந்துகொள்ள முடியும், பிறகு தனிமையில் இளைப்பாற இடம் வேண்டும். அவரே அகமுகமானவர், மேடையில் பிரமாதமாகப் பேசுகிறவர்.

ஆகவே பழகுவதைக் கச்சேரியைச் சுற்றிய சின்ன வட்டத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சபாக் காரியதரிசிக்குச் சீசனுக்குப் பல மாதம் முன்பே ஒரு கடிதம், அதோடு பதிவின் இணைப்பு. எழுத்தில் நீங்கள் நன்றாகவே பேசுகிறீர்கள், இந்தக் கடிதமே சாட்சி. கச்சேரி முடிந்ததும் வீணையை உறையில் போடும் சாக்கில் தலை குனிந்துகொள்ளாமல் பத்து நிமிடம் மேடையருகே நில்லுங்கள், வருகிறவர்களிடம் நன்றி சொல்லுங்கள், பிறகு நேரே வீட்டுக்குப் போங்கள். கேன்டீனில் உட்கார்ந்து அரட்டை அடிக்க வேண்டிய அவசியம் இல்லை. யூடியூப், வாட்ஸ்அப் வேலைகளை மிருதங்கக்காரரிடமோ ஆர்வமுள்ள ஒரு மாணவியிடமோ கொடுங்கள், உழைப்புக்கு உரியதைக் கொடுத்து. கணவர் செய்ய முன்வந்தால் செய்யட்டும், எந்த ராகம் என்ற முடிவு மட்டும் உங்களிடமே இருக்கட்டும். வாய்ப்பாட்டுக்கும் வயலினுக்கும் உள்ள சந்தை தனி வீணைக் கச்சேரிக்கு இல்லை என்பதையும் மறக்காதீர்கள். மதியக் கூட்டம் குறைந்ததற்கு முழுப் பொறுப்பையும் உங்கள் முகத்தின் மேல் போட்டுக்கொள்ள வேண்டாம். முடிந்தால் தோழியிடமே போய், எங்கெங்கே எழுதிக் கேட்கலாம் என்று கேளுங்கள். நீங்கள் அவளைக் குறை சொல்லாமல் எழுதியதைப் பார்த்தால், அந்த நட்பு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

மாத்திரை பற்றி. சிநேகிதி சொல்வது அநேகமாகப் படபடப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் வகையாக இருக்கும். மேடைக் கலைஞர்கள் சிலர் மருத்துவர் சொல்லிப் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இதயத் துடிப்பு குறைவாக உள்ளவர்களுக்கும் அது ஆபத்தாகலாம், கை கால் சில்லிடுவதே அதன் பக்கவிளைவுகளில் ஒன்று. வீணை வாசிக்கும் கைக்கு அது வேண்டவே வேண்டாம். யாரோ கொடுத்தார்கள் என்று வாங்கிப் போடாதீர்கள். மேடை ஏறுமுன் வெந்நீரில் கையை வைத்திருங்கள், மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்குங்கள். அதற்கும் அடங்காமல் கச்சேரிக்கு முந்திய பல நாள் தூக்கம் கெடுகிறது, வாய்ப்பு வந்தாலே தட்டிக்கழிக்கத் தோன்றுகிறது என்றால் ஒரு மனநல நிபுணரை நேரில் பாருங்கள். இந்தப் பயத்துக்கு நல்ல சிகிச்சை உண்டு.

மகளை அந்த வகுப்பில் சேர்க்க வேண்டாம். அமைதியாக இருப்பது குறையல்ல. பள்ளியில் ஒன்றிரண்டு தோழிகளாவது இருக்கிறார்களா, உடம்பு சரியில்லை என்றால் ஆசிரியரிடம் போய்ச் சொல்கிறாளா, விருப்பமானதைப் பற்றி உங்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறாளா என்று கவனியுங்கள். வீட்டில் பேசும் பிள்ளை பள்ளியில் மாதக்கணக்கில் வாயே திறக்கவில்லை என்றால் மட்டும் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மற்றபடி அவளை அவள் போக்கில் விடுங்கள். "என்னை மாதிரியே" என்று அவள் காதுபடச் சொல்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கடிதத்தில் அதை நீங்கள் ஒரு குற்றம் போல எழுதியிருக்கிறீர்கள், பேச்சிலும் அந்தத் தொனிதான் வரும்.